மற்றைய நபர்கள்

நான் லண்டனில் ஒரு கல்லூரியில் அமெரிக்க வரலாறு படிப்பிக்கிறேன். இப்போதைய அமெரிக்கா இல்லை. அந்த நாடு பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்துக் கட்சிச் சண்டைகளும், அடிமைமுறையை வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர்கள் பட்ட பாடும்தான் என் பாடம். இதைச் சொன்னால் உறவினர் முகத்தில் முதலில் இரக்கம் வரும். "அமெரிக்காவிலை வேலை கிடைக்கேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். "உதைப் படிச்சு ஆருக்குப் பிள்ளை பிரயோசனம்?" என்றார் இன்னொருவர். என் தங்கை கண் பரிசோதிப்பவள். கல்யாண வீடுகளில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். என்னைச் சுற்றி யாரும் நின்றதில்லை.

மாமா மட்டும் விதிவிலக்கு. அவர் அம்மாவின் அண்ணன். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்தின் உள்நாட்டு, வெளிநாட்டு விவகாரம் இரண்டும் அவர் கையில். சனிக்கிழமைகளில் தேத்தண்ணிக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார். "என்ன பிள்ளை, உன்ரை ஆக்கள் இப்ப என்ன செய்யினம்?" ஏதோ காலைச் செய்தியில் பார்த்தது போதாமல் மேலதிக விபரம் கேட்கிறவர் போல.

என் ஆக்கள் செய்யாதது எதுவுமில்லை. நாடு தொடங்கும்போது கட்சியே கூடாது, கட்சி நாட்டைக் கெடுத்துவிடும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன வாய் மூடுமுன் இரண்டு கட்சி. ஒன்று வங்கிக்காரர், வியாபாரிகள் பக்கம். மற்றது தோட்டக்காரர் பக்கம். ஒரே மந்திரிசபையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் திட்டுவதற்கு ஆளுக்கொரு பத்திரிகை வளர்த்தார்கள். இதைக் கேட்டு மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "அச்சொட்டா எங்கடை கோயில் சபை!" என்றார். அன்றே அவர் கட்சியும் சேர்ந்துவிட்டார். தோட்டக்காரர் கட்சிதான். காரணம் புகையிலை.

"அவங்களும் பொயிலை, நாங்களும் பொயிலை. தோட்டக்காரன்ரை மனம் தோட்டக்காரனுக்குத்தான் தெரியும்" என்றார். அவருடைய தகப்பனுக்கு ஊரில் புகையிலைத் தோட்டம் இருந்தது. அதைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தமாட்டார். கன்று நட்டது, குடில் போட்டுப் புகை காட்டியது, கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா ஏறி இறங்கிய சத்தம், எல்லாம் வரும். கடைசியில் வண்டில் மாடுகள் இரண்டும் வரும். அவற்றின் பெயரைச் சொல்லும்போது மாமாவின் கண் தானாக மூடிக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டும் திரும்பிப் பார்க்குமாம்.

"துலாவிலை ஏறி நடந்து தண்ணி இறைச்சது ஆர் மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கு ஆக்கள் இருந்தவை" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் எடுத்தார். பிஸ்கட் முடிந்தபோது பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மாமாவுக்கு மிகவும் பிடித்தது நான் சொன்ன இன்னொரு கதை. நாட்டுக்கு அடிப்படைச் சட்டம் எழுத அந்தப் பெரியவர்கள் ஒரு கோடைகாலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அடிமைகளை வைத்து நாள்கணக்காகச் சண்டை. ஆனால் எழுதி முடித்த சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே இல்லை. 'மற்றைய நபர்கள்' என்று எழுதினார்கள். எந்த மாநிலத்துக்கு எத்தனை ஆசனம் என்று தலை எண்ணும்போது இந்த மற்றைய நபர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவதென்று தீர்மானித்தார்கள். எண்ணப்பட்டவர்களுக்கு வோட்டு இல்லை. அவர்களை வைத்திருந்தவர்களுக்கு ஆசனம் கூடியது.

நான் இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கோபம் வரும். மாமாவுக்கோ மரியாதை பொங்கியது. "நாகரிகமான மனுசர்" என்றார். "ஒரு கூடாத சொல்லை எழுத்திலை கொண்டுவரேல்லைப் பார்."

அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு சொல் இல்லை. சாதி. "எங்கடை வீட்டிலை அந்தக் கதையே இல்லை" என்பது மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லும் வசனம். உண்மைதான், அந்தக் கதை இல்லை. அதற்குப் பதிலாக எங்களிடம் பூகோளம் இருக்கிறது. புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால் மாமா ஊரைக் கேட்பார். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்பார். பிறகு எந்தக் கோயிலடி. கடைசிக் கேள்விதான் குண்டு. "எத்தினையாம் திருவிழா உங்கடை?" எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரிய கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. எந்த நாள் யாருடையது என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் தெரிந்த மாதிரித்தான். கேட்டவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, பதில் சொன்னவரும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்கு முன் வேலை முடிந்துவிடும்.

இப்படியிருக்கையில் தங்கைக்கு ஒரு பெடியனைப் பிடித்துப்போயிற்று. டிராம் சிக்னல் வேலை பார்க்கும் பொறியியலாளன். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் வீடு. லண்டனில் பிறந்தவன், தமிழ் நன்றாகப் பேசுவான், சமைப்பான், தங்கையின் கோபத்துக்குப் பயப்படுவான். எனக்கு வேறு எதுவும் அறியத் தேவைப்படவில்லை. மாமாவுக்குத் தேவைப்பட்டது.

"ஒருக்காப் போய்க் கதைச்சிட்டு வருவம். எனக்கு நாலு கேள்வி போதும்" என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மாமா, அம்மா, தங்கை, நான் நால்வரும் காரில் கிளம்பினோம். தேம்ஸ் நதிக்குக் கீழே போகும் சுரங்கப் பாதையில் வழக்கம்போல நெரிசல். கார் ஓட்டிய என் பக்கத்தில் மாமா முன் இருக்கையில் இருந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகூட அவ்வளவு ஆயத்தமாகப் போயிராது. பரீட்சை எடுக்கப்போவது மற்றவர்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பெடியனின் அம்மா உள்ளூர் கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவுன்சில் வீடு கேட்டு வந்தவர்களை நேர்முகம் காணுவதுதான் அவருடைய வேலையாக இருந்ததாம். வடையும் கேக்கும் மேசையில் இருந்தன. பெடியனின் அப்பா புன்னகையோடு ஒரு மூலையில் இருந்தார். மாமா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். அந்த இடைவெளியில் அந்த அம்மா தொடங்கிவிட்டார்.

"அண்ணை, ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?"

மாமாவின் கோப்பை அந்தரத்தில் நின்றது. அது அவருடைய கேள்வி. அதை இன்னொருவர் வாயில் அவர் கேட்டதேயில்லை.

"சந்தைக்குக் கிட்ட" என்றார்.

"சந்தைக்கு முன்னாலையோ, பின்னாலையோ?"

"பக்கவாட்டிலை."

"ஓ. கோயில்?"

"பெரிய கோயில்தான்." மாமாவின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"நல்ல கோயில். எத்தினையாம் திருவிழா உங்கடை?"

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு திருவிழா நாள் இல்லை. அது எனக்கே அன்றுதான் தெரியும். அத்தனை வருடமாகப் பிறரைக் கேட்ட மனிதர், தன்னிடம் யாரும் கேட்டுவிடாமல் முந்திக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். அம்மா தன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொதுத் திருவிழா ஒண்டு இருக்கெல்லே" என்றார் மாமா. "அதிலை எங்களுக்கும் ஒரு பங்கு."

"ஓ... பொதுவிலை" என்றார் அந்த அம்மா. பிறகு வடைத் தட்டை மாமாவின் பக்கம் மெல்லத் தள்ளினார். "எடுங்கோ அண்ணை, வடை எடுங்கோ." அந்தக் குரலில் இருந்த அனுதாபத்தை எனக்கு இன்றுவரை மறக்க முடியவில்லை.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். அந்த அம்மாவைப் பார்த்து நிமிர்ந்து இருந்தார். "தங்கச்சி, இந்தக் காலத்திலை உதெல்லாம் ஆர் பாக்கினம்? எல்லாரும் மனுசர்தானே!"

எனக்குப் புரையேறிவிட்டது. என் பாடத்தில் வருகிறவர்கள் இந்த வசனத்துக்கு வந்து சேரத் தலைமுறைகள் எடுத்தன. சிலர் கடைசிவரை வரவேயில்லை. மாமா ஒரு வடைக்குள் கட்சி மாறிவிட்டார்.

அந்த அம்மா சிரித்தார். "கேக்கவும் கூடாதோ அண்ணை? நாங்கள் ஒண்டும் பாக்கிற ஆக்கள் இல்லை. எங்கடை வீட்டிலை அந்தக் கதையே இல்லை."

மாமாவின் வசனம், ஒரு எழுத்துப் பிசகாமல். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் பெடியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெடியன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது சுரங்கத்துக்குள் நுழைந்ததும் தங்கை முன் இருக்கையை நோக்கிக் குனிந்தாள். "மாமா, இப்ப நாங்கள் ஐஞ்சிலை எத்தினை?"

முதலில் வெடித்துச் சிரித்தது அம்மாதான். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சுரங்கச் சுவரைத் தவிர எதுவுமில்லை. ஆனால் வீட்டு வாசலில் மற்ற இருவரும் இறங்கிய பிறகு தங்கை காரிலேயே இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அக்கா, எனக்கு அவன் வேணும். ஆனால் குனிஞ்சு போய் அந்த வீட்டுக்குள்ளை நுழைய என்னாலை ஏலாது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." எனக்கு அவளைவிடக் கோபம் வந்தது, அவளை அழவைத்துவிட்டார்களே என்று.

அடுத்த வாரம் மிச்சத்திலிருந்து பெடியனின் அம்மாவின் போன் வந்தது. கல்யாணத்துக்குச் சம்மதமாம். ஒரேயொரு சின்ன விஷயம். எங்கள் கல்யாணக் கார்டுகளில் இன்னாரின் பேரன், இன்னாரின் பேத்தி என்று தாத்தா பாட்டிமாரின் பெயரும், பெற்றோரைப் பற்றி 'யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட' என்ற வரியும் வரும். செத்தவீட்டு அறிவித்தலிலும் அதே வரிதான், அது வேறு கதை. அந்த ஊர்ப் பெயர்கள் மட்டும் வேண்டாமாம். இரண்டு பக்கத்துக்கும் லண்டன் என்று போட்டால் போதுமாம். "பிள்ளையள் இஞ்சை பிறந்தவைதானே அண்ணை?" ஊர்ப் பெயரைப் பார்த்தால் அவர்களுடைய சொந்தக்காரர் மீதிக் கதையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல சமரசம். ஒருதருக்கும் நோகாது" என்றார்.

எனக்குத் தெரிந்த சமரசம் ஒன்று உண்டு. என் ஆக்களும் ஒரு காலத்தில் வரைபடத்தில் குறுக்கே ஒரு கோடு கீறினார்கள். புதிதாகச் சேரும் நிலத்தில் கோட்டுக்கு மேலே அடிமைமுறை இல்லை, கீழே இருக்கலாம். எல்லோரும் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்தக் கோட்டில் இடறாமல் பிறகு ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை. கடைசியில் சபைக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரைக் கைத்தடியால் அடிக்கும் நிலை வந்தது. இதை மாமாவிடம் சொன்னேன். "அவை அமெரிக்கர், கோபக்காரர்" என்றார்.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "என்ரை ஊர்ப் பேர் என்ன பிழை செய்தது?"

தங்கை பெடியனோடு பேசிப் பார்த்தாள். "அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாச் சமாளிப்பம்" என்றானாம். "ஊர்ப் பேரோடை கார்டு வரும், இல்லாட்டிக் கார்டே வராது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறாள். பிறகு என் அறைக்குள் வந்து கட்டிலில் விழுந்தாள்.

"அக்கா, உன்ரை ஆக்களிலை இந்த வாய்ப்பூட்டை உடைச்சவன் ஆரும் இருக்கிறானோ?"

இருந்தார். ஜனாதிபதியாக இருந்து, அடுத்த தேர்தலில் தோற்று, பிறகு சாதாரண உறுப்பினராக வந்து சபையில் குந்திய ஒரு கிழவர். அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி மனுக்கள் வந்து குவிந்த காலம் அது. அப்படிப்பட்ட மனுக்களை வாசிக்காமலே ஒதுக்கி வைப்பது என்று சபை ஒரு விதி போட்டது. ஒரு நாள் கிழவர் எழுந்து, என் கையில் ஒரு மனு இருக்கிறது, அடிமைகளே எழுதியதாம், இதைக் கொடுக்கலாமோ என்று மிகப் பணிவாகக் கேட்டார். சபை கொதித்தது. கிழவரை வெளியே தள்ளு, மனுவை எரி என்று கூச்சல். தொண்டை வறளக் கத்தி முடிந்த பிறகு கிழவர் சாவகாசமாகச் சொன்னார், மனுவில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே, அடிமைமுறையை ஒழிக்க வேண்டாம் என்றல்லவா இதில் இருக்கிறது.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரு வீட்டாருக்கும் பொதுவாகப் போனில் ஒரு கல்யாணக் குழு இருந்தது. கனடா, அவுஸ்திரேலியா, பாரிஸ் என்று எல்லாச் சொந்தமும் அதில். அடுத்த நாள் மத்தியானம் தங்கை அதில் ஒரு கார்டு மாதிரியை ஏற்றி, கீழே எழுதினாள். "கார்டு ரெடி. ஊர்ப் பெயரும் போட்டிருக்கு. ஒளிவுமறைவு வேண்டாம் எண்டு ரெண்டு பக்கத்தின்ரை சாதியும் போட்டிருக்கு. பாத்துச் சொல்லுங்கோ."

என் போன் துள்ளித் துள்ளி மேசையிலிருந்து விழுந்தது. முதலாவது மாமா. "உடனை அழி!" அடுத்தது பெடியனின் அம்மா. "எங்களைக் கேக்காமல் எப்பிடிப் போடுவியள்?" கனடாவிலிருந்து ஒரு பெரியப்பா பிடரியில் அடி விழுந்த மாதிரி எழும்பி, "குடும்ப மானம்!" என்று எழுதினார். அவுஸ்திரேலியாவில் ஒரு சித்தி அழும் முகங்கள் பத்துப் போட்டார். இனி இந்தக் குழுவில் அந்தக் கதை எடுக்கக்கூடாது என்று பாரிஸ்காரர் ஒருவர் விதி போட்டார். தங்கை சோபாவில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பெரியம்மாவின் மகன் மலேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டியவர். அந்த அண்ணிக்கு எங்கள் பூகோளம் எதுவும் தெரியாது. அதனால் அவர் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கார்டைத் திறந்து வாசித்தார்.

"ஏன் எல்லாரும் சத்தம் போடுறீங்க? நான் பாத்துட்டேன்லா. 'மற்றைய நபர்களாகிய' இன்னார் மகன்னு போட்டிருக்கு, பொண்ணு பக்கமும் 'மற்றைய நபர்களாகிய'ன்னுதான் இருக்கு. அப்ப நீங்க ரெண்டு வீடும் ஒரே ஆளுங்களா?"

குழு அப்படியே நின்றது. ஒவ்வொருவராகக் கார்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. தங்கை தோடம்பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெயரை.

அந்தப் பெயர் வந்தது, பெடியன்தான். "ஊர்ப் பேர் ரெண்டும் இருக்கட்டும். மற்றைய நபர்களை எடுத்திட்டு நாளைக்கு நானே அச்சடிக்கக் குடுக்கிறன்."

பெடியனின் அம்மா குழுவை விட்டு வெளியேறினார். கொஞ்ச நாளில் பெடியனின் அப்பா சத்தமில்லாமல் அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அந்த மனிதர் அந்தக் குழுவில் செய்த ஒரே அரசியல் அது. அடுத்த முறை நாங்கள் மிச்சத்துக்குப் போனபோது அந்த அம்மா கேட்டது சீனி போதுமோ என்று மட்டும். தங்கை நிமிர்ந்துதான் உள்ளே போனாள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

அச்சடித்த கார்டுகள் வந்த சனிக்கிழமை, மாமா தேத்தண்ணிக்கு வந்தார். குழுவில் கத்தியதற்குப் பிறகு அதுதான் முதல் வருகை. என் ஆக்களைப் பற்றி விசாரிக்கவில்லை. ஒரு கார்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பெயராக வாசித்தார். தங்கையின் பெயர், அம்மாவின் பெயர், தன் தகப்பனின் பெயர், ஊரின் பெயர். பிறகு கார்டைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் பொயிலைக்காரருக்குத் தங்கடை தோட்டத்திலை வேலை செய்த ஆக்களின்ரை பேர் தெரியுமோ?"

"தெரியும் மாமா. காசு குடுத்து வாங்கினபடியாலை பேரையும் விலையையும் எழுதி வைச்சவை."

மாமா தலையை ஆட்டினார். தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது.

"எங்கடை துலாவிலை ஏறின மனுசன்" என்றார். "விடியக் காலமை வருவான். என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு கோயிலடிவரைக்கும் கொண்டுபோய் விடுவான். உள்ளை வரமாட்டான். அவன்ரை பேரை எவ்வளவோ யோசிச்சுப் பாத்திட்டன், வருகுதில்லை. கொம்மாவையும் கேட்டனான்."

"அம்மா என்ன சொன்னவ?"

"அவவுக்கும் மாடு ரெண்டின்ரை பேர்தான் ஞாபகம்."